பழைய பைக் பாதி வழியில் நின்றால் முதலில் டேங்க் மூடி
கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய பைக் கிண்டியில் நன்றாகக் கிளம்பி, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது இருமி இருமி நின்றுவிட்டால், உடனே ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிடாமல் (பலரும் அதைத்தான் செய்கிறார்கள்) டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, வண்டியும் கிளம்பிவிட்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் குறையும் இடத்தை நிரப்பக் காற்று வராததால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுபோகிறது. மெல்லிய கம்பியால் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

அதன் பிறகும் நின்றால், இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் வரும் டியூபைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பைத் திறந்து, கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டேப்பின் வடிகட்டியில் துரு சேர்ந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வண்டியானால், பாட்டிலின் அடியில் தண்ணீர் தனியே தங்குகிறதா என்றும் கவனியுங்கள்.