குழந்தைக்கு புரோபயாடிக் (உடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் உள்ள) தயிர் கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடிந்து திட உணவு ஆரம்பித்த ஆரோக்கியமான குழந்தைக்குக் கொடுக்கலாம். முதலில் ஒரு டீஸ்பூன் போதும். தடிப்பு, வாந்தி வருகிறதா என்று பாருங்கள். பால் அலர்ஜி இருந்தால் தயிரும் வேண்டாம்.

வாங்கும்போது டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தை அவசியம் படியுங்கள். பழச்சுவைத் தயிரில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். 2 வயது வரை அது வேண்டவே வேண்டாம். தேன் கலந்ததை 1 வயதுக்குள் தரவே கூடாது, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். கொழுப்பு நீக்காத, எதுவும் சேர்க்காத தயிர்தான் என் தேர்வு. சூடுபடுத்தினால் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். சில்லென்று இருந்தால் சிறிது நேரம் வெளியே எடுத்து வைத்தாலே போதும்.

குறைமாதக் குழந்தை, எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.