இரவில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க எனக்குக் கைகொடுத்த வழி

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடச் சொன்னார்கள். சொல்வது சுலபம். இரவெல்லாம் அலாரம் வைத்து எழுந்தால் பகலில் தலை சுற்றும், இடுப்பு வேறு பிடித்துக்கொள்ளும்.

இடுப்பைக் காப்பாற்றியது ஒரு பழைய போர்வை. மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருமாறு அவருக்கு அடியில் விரித்தேன். கையைக் காலைப் பிடித்து இழுக்காமல் போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் தோல் உராயாது, பாரமும் குறைவாகத் தெரியும். ஒரேயடியாக ஒருக்களிக்க வைக்கவும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பில் அழுத்தம் குறைகிறது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. (வீட்டில் தலையணைப் பஞ்சம் வரும்!)

அப்புறம் காற்று மெத்தை வாங்கினோம். தோலைப் பார்த்த செவிலியர், இரவில் 4 மணி நேர இடைவெளி போதும் என்றார். இது எல்லோருக்கும் பொருந்தாது, கேட்டுத்தான் மாற்ற வேண்டும். தினமும் காலையில் வால் எலும்பு, குதிகால் இரண்டையும் பார்ப்பேன். புண் தொடங்கும்போது வரும் சிவப்பு கறுத்த தோலில் சரியாகத் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

தம்பியிடம் "முடிந்தபோது உதவு" என்றபோதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. "வெள்ளி, சனி இரவு உன் பொறுப்பு" என்றேன். சரி என்றான். இப்போது தலையணை அடுக்குவதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.