பழைய ஷாட்கன் எந்த ஊர்? பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி பழைய இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றின் படங்களை அனுப்பி, "அண்ணா, இது எந்த ஊர்ச் சரக்கு?" என்று கேட்டார். ஒன்பது படங்கள். பூவேலை, நாய் உருவம், கட்டையின் மெருகு எல்லாம் இருந்தன. ஊரைச் சொல்லும் முத்திரை இருக்கும் குழலின் அடிப்பக்கம் மட்டும் ஒன்றிலும் இல்லை. ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் பார்த்தேன். புதியவர்கள் செய்யும் தவறுகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

பெயரை நம்புவது

இங்கிலாந்தில் ஏலங்களுக்குப் போகத் தொடங்கிய புதிதில் ஒரு பின்ஃபயர் துப்பாக்கி (தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டிய ஊசியை அடித்து வெடிக்க வைக்கும் பழைய வகை) வாங்கினேன். இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் 'லண்டன் ஃபைன் ட்விஸ்ட்' என்று பொறித்திருந்தது. சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகட்டில் (லாக்) ஆங்கிலப் பெயர். லண்டன் துப்பாக்கி என்று சொல்லி விற்றார்கள், லண்டன் விலையே கொடுத்தேன். வீட்டுக்கு வந்து குழல்களைக் கழற்றித் திருப்பினால், அடியில் சின்னதாக ஒரு நீள்வட்டம். அதற்குள் 'ஈஎல்ஜி' என்ற எழுத்துகள், கீழே நட்சத்திரம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை! அதிக மருந்து போட்டுச் சுட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்த்தபின் அடிப்பது அது. வாங்குமுன் ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். இன்றுவரை மனசு ஆறவில்லை.

'லண்டன் ஃபைன் ட்விஸ்ட்' என்பது ஊர்ப்பெயரே அல்ல. இரும்புப் பட்டையைச் சுருட்டிக் குழலாக்கும் முறைக்கு வைத்த வியாபாரப் பெயர். லியேஜ் பட்டறைகள் உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தன. வாங்குபவர் கேட்ட பெயரைப் பொறித்துக் கொடுத்தன. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் புகழ்பெற்ற ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் என்பதால் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று போட்ட பெல்ஜியத் துப்பாக்கிகள் ஏராளம். ஏமாற்று இல்லாமலும் பெயர் மாறும். சென்னை பி.ஆர். அண்ட் சன்ஸ் கடையின் பெயர் இருந்தால், விற்றவர் அவர், செய்தவர் வேறு.

முத்திரை அப்படியல்ல, சட்டப்படி விழுவது. காலத்தையும் சொல்லும். லியேஜின் நீள்வட்டம் 1810இல் வந்தது, அதன் மேல் கிரீடம் 1893இல் சேர்ந்தது. என்னுடையதில் கிரீடம் இல்லை. பிர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813இல் தொடங்கியது. 1904 வரை அதன் அடையாளம் குறுக்கே வைத்த இரு செங்கோல்களும் கிரீடமும். லண்டனுக்குக் கிரீடத்தின் கீழ் பின்னிய 'ஜிபி' (GP).

முதல் முத்திரையோடு நின்றுவிடவும் வேண்டாம். அது சோதித்த இடத்தைத்தான் சொல்கிறது. லியேஜ் பக்கத்துக் குழல்களை வாங்கித் துப்பாக்கி கட்டிய பிர்மிங்ஹாம்காரர்கள் உண்டு. இரண்டு நாட்டு முத்திரையும் இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணை வருடமாக எடுப்பது

முத்திரைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் 12, 13 போன்ற எண்கள் வருடமல்ல, குழல் துளையின் அளவு. வருடம் வேண்டுமென்றால் வாசகங்களைத் தேடுங்கள்: 'நாட் ஃபார் பால்' (ஒற்றைக் குண்டுக்கு அல்ல) என்றிருந்தால் 1875க்கும் 1887க்கும் இடையில் பிரிட்டனில் சோதித்த, வாய் குறுகிய குழல்.

டமாஸ்கஸ் என்றதும் சிரியா என்பது

இல்லை. அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த, வரிவரியான குழலின் பெயர். பெரும்பாலும் பெல்ஜியம்.

உப்புத்தாள் போடுவது

துரு போக்கத் தேய்த்தால் முத்திரையும் போய்விடும். போனால் போனதுதான்.

சுட்டுப் பார்ப்பது

பழைய கரிமருந்துக்குச் செய்த குழல் அது, இன்றைய தோட்டாவுக்கு அல்ல. வேண்டாம்.

நேற்று தம்பியிடமிருந்து பத்தாவது படம் வந்தது. நீள்வட்டம், மேலே கிரீடம். லியேஜ்தான், 1893 அல்லது அதற்குப் பின். பக்கத்தில் மங்கலாக இரண்டு எழுத்துகள். குழல் செய்தவருடையதாக இருக்கலாம். சாய்ந்த வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.