சொத்தை விழும் முன்: வீட்டுத் தோட்டத்தில் புழுக்களை இயற்கை முறையில் கட்டுப்படுத்துதல்

கத்தரிக்காயை நறுக்கும்போது உள்ளே நெளியும் புழுவைப் பார்த்த பிறகுதான் பலர் மருந்து தேடுகிறார்கள். அந்த நிலையில் எந்த இயற்கைக் கரைசலைத் தெளித்தாலும் காய்க்குள் இருக்கும் புழுவை அது எட்டாது. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் எனப்படும் இந்தப் புழுவின் தாய், இரவில் நடமாடும் ஒரு சிறிய வெண்ணிற அந்துப்பூச்சி. அது பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடுகிறது. சில நாட்களில் பொரிந்து வெளிவரும் புழு, சில மணி நேரத்துக்குள் தளிரிலோ பிஞ்சிலோ துளைத்துப் புகுந்து, நுழைந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்கிறது. நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

ஆகவே கத்தரிக்கு முதல் மருந்து கத்தரிக்கோல். மண்ணில் ஈரம் இருந்தும் ஒரு நுனித்தளிர் மட்டும் வாடித் தலைகவிழ்ந்து நின்றால், அதனுள் புழு இருப்பதாகவே கொள்ளலாம். வாடிய பகுதிக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்டி, வெட்டிய இடத்தைப் பாருங்கள். நடுவில் ஓட்டை தெரிந்தால் புழு இன்னும் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள், எனவே ஓட்டையில்லாத பச்சைத் தண்டு தெரியும் வரை வெட்ட வேண்டும். பக்கக்கிளைகள் துளிர்த்துவிடும் என்பதால் மனம் கூசத் தேவையில்லை. வெட்டிய தளிரையும் சொத்தைக் காயையும் சோப்புத் தண்ணீரில் மூழ்கடித்து அழியுங்கள். உரத்தொட்டியில் போட்டால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகித் திரும்பி வரும். இந்தத் தவற்றை நானும் ஒரு பருவம் முழுக்கச் செய்திருக்கிறேன்.

இலை தின்னும் புரோடீனியா புழுவை அடக்குவது இதைவிட எளிது. அதன் முட்டைகள் இலையடியில் பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டியதுபோல் குவியலாக இருக்கும். குஞ்சுப்புழுக்கள் கூட்டமாகச் சுரண்டித் தின்று இலையைச் சல்லடையாக்கும்போதே அந்த ஓர் இலையைக் கிள்ளிவிட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் போயின. வளர்ந்தவை பகலில் மண்ணில் பதுங்கிவிடுவதால், இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் விளக்குடன் சென்று பொறுக்குவதே வழி.

தெளிப்பதற்கு நான் நம்புவது வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, பால்போல் வரும் வரை பிழிந்து, சிறிதளவு காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து, அன்றே பயன்படுத்த வேண்டும். வெயில் இதன் வீரியத்தைக் குறைப்பதால் மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு முறை தெளிக்கவும். பல ஆண்டுகள் கிடந்த பழைய கொட்டையில் பலன் இராது. இது புழுவை உடனே கொல்லாது. தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கும். மறுநாளே புழு செத்து விழவில்லை என்று கைவிடுவது அவசரம்.

கைக்கு அடங்காத அளவுக்குப் பெருகினால், உரக்கடைகளில் கிடைக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்தை உறையில் குறிப்பிட்ட அளவில் பயன்படுத்தலாம். புழு அதைத் தின்றால்தான் சாகும். எனவே புழுக்கள் சிறியனவாக இருக்கும்போது மாலையில் தெளிக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களையும் இது கொல்லும் என்பதால் தோட்டம் முழுவதற்கும் அடிக்க வேண்டாம். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது அத்தகைய ஒரு புழுவே. அதை எடுத்து வெளியே நிற்கும் வில்வத்திலோ நார்த்தையிலோ விட்டால் போதும்.

அரிசிமணி போன்ற வெண்ணிறக் கூடுகளைச் சுமந்தபடி அசையாமல் கிடக்கும் புழு கண்ணில் பட்டால் நசுக்கிவிடாதீர்கள். அது இனித் தின்னாது. அந்தக் கூடுகளிலிருந்து வெளிவரும் சிறு குளவிகள் அடுத்த புழுக்களைத் தேடிப் போகும்.