தொடக்ககால அமெரிக்க வரலாற்றைப் படிக்கும் முறை: மதுரை வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு

இளங்கலை வரலாறு பயிலும் மாணவர்களில் பலர் அமெரிக்க வரலாற்றுத் தாளைக் கண்டு மலைப்பதற்குப் பாடத்தின் கடினம் காரணமன்று. பாண்டியரையும் நாயக்கரையும் பள்ளி நாள் முதலே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ரோடு தீவு, கனெக்டிகட், டவுன்ஷெண்ட் என்று வரும் பெயர்கள் எதனோடும் ஒட்டாமல் நிற்கின்றன. ஒட்டாத பெயர்களை மனப்பாடம் செய்பவர்கள் தேர்வு முடிந்த மறுநாளே அவற்றை மறந்துவிடுகிறார்கள். ஜேம்ஸ்டவுன் குடியேற்றம் முதல் அரசியலமைப்பு உருவானது வரையிலான பகுதியை மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது: நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று, அந்த நிலத்தில் உழைத்தவர் யார், வரி விதிக்கும் உரிமை யாரிடம் இருந்தது. மதுரைச் சீமையின் பதினெட்டாம் நூற்றாண்டைப் படித்தவருக்கு இவை புதிய கேள்விகள் அல்ல. பாளையக்காரர்களும் கும்பினியாரும் மோதிக்கொண்டதும் பெரும்பாலும் இவற்றை ஒட்டித்தான்.

கால வரிசையை மனத்தில் இருத்த, ஒரு நீளத் தாளின் நடுவே கோடு கிழித்து, மேலே மதுரை நிகழ்வுகளையும் கீழே வட அமெரிக்க நிகழ்வுகளையும் எழுதி வாருங்கள். இராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்தது 1606இல். வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் நிறுவப்பட்டது 1607இல். திருமலை நாயக்கர் ஆண்ட 1623–1659 காலத்துக்குள் மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றமும் மேரிலாந்தும் தோன்றிவிட்டன. இராணி மங்கம்மாள் ஆட்சி நடத்திக்கொண்டிருந்த 1692இல், சேலத்தில் சூனியம் வைத்ததாகக் குற்றம்சாட்டிப் பலரை விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். அது மாசசூசெட்ஸ் சேலம், நம் சேலம் அன்று. யூசுப் கான் மதுரையில் தூக்கிலிடப்பட்ட 1764ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சர்க்கரைச் சட்டத்தை இயற்றியது. ஒரே ஆண்டில் நடந்ததனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இந்தத் தாள் நினைவுக்குக் கிடைக்கும் பிடிமானம் மட்டுமே. விடைத்தாளில் இதற்கு இடமில்லை.

அடுத்தது வரைபடம். புறக்கோட்டு வரைபடம் ஒன்றில் அட்லாண்டிக் கரையோரமாகப் பதின்மூன்று குடியேற்றங்களையும் குறித்து, அவற்றுக்கு மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடரைத் தடித்த கோடாக வரையுங்கள். மலைக்கு அப்பால் உள்ள பரப்பை வெறுமையாக விட்டுவிடுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிக் கஹோகியா என்னும் பெருநகரம், கொலம்பஸ் வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே செழித்து அடங்கியிருந்தது. பாடநூல்கள் இரோக்வாய் என்று குறிப்பிடும் ஐந்து இனத்தாரின் கூட்டமைப்பு, 1722 வாக்கில் டஸ்கரோரா மக்களையும் சேர்த்துக்கொண்டு ஆறு இனத்தாரின் கூட்டமைப்பாயிற்று. இவர்களையெல்லாம் வரைபடத்தில் எழுதி வைத்தவருக்கே, 1763இல் மன்னர் வெளியிட்ட அறிக்கை குடியேறிகளை மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று ஏன் தடுத்தது என்பதும், நிலத்தின் மேல் கண் வைத்திருந்த வர்ஜீனியாக்காரர்களுக்கு அது ஏன் எரிச்சலூட்டியது என்பதும் விளங்கும்.

உழைப்பு பற்றிய கேள்விக்கு வர்ஜீனியாவே தலைசிறந்த இடம். அதைத் தொடங்கியது அரசு அன்று, பங்குதாரர்களின் நிறுவனம். கிழக்கிந்தியக் கும்பினியின் முதல் ஆளுநராக இருந்த தாமஸ் ஸ்மித்தே வர்ஜீனியா நிறுவனத்தின் பொருளாளராகவும் இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டால், இரண்டு வரலாறுகளும் இலண்டனின் ஒரே வணிகர் வட்டத்திலிருந்து புறப்பட்டவை என்பது புலப்படும். பட்டினியால் அழியவிருந்த அந்தக் குடியேற்றத்தைப் புகையிலை காப்பாற்றியது. புகையிலைக்கு ஆள் வேண்டும். கப்பல் கட்டணம் செலுத்தி ஓர் ஆளைக் கொண்டுவந்தவருக்கு 50 ஏக்கர் நிலம் என்ற ஏற்பாட்டில், ஆங்கிலேய ஏழைகள் சில ஆண்டு ஒப்பந்தத்தில் வேலையாட்களாக வந்தார்கள். 1619இல், வர்ஜீனியாவின் முதல் பிரதிநிதிகள் அவை கூடிய அதே கோடையில், ஆப்பிரிக்கர் இருபது சொச்சம் பேர் அங்கே கொண்டுவந்து விற்கப்பட்டனர். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662இல் வந்த சட்டம், அடிமைத்தனத்தைப் பிறப்போடு வருவதாக ஆக்கியது. வர்ஜீனியா ஆளுநரை எதிர்த்து 1676இல் நதானியல் பேக்கன் நடத்திய கலகத்தில் ஒப்பந்த வேலையாட்களும் அடிமைகளும் சேர்ந்தே ஆயுதம் எடுத்தார்கள். அதன் பிறகு தோட்ட உரிமையாளர்கள் மேலும் மேலும் ஆப்பிரிக்க அடிமைகளையே நாடினார்கள். அடிமைமுறையைத் தனி அலகாக ஒதுக்கிப் படிப்பவர், பிறகு வரும் சுதந்திர முழக்கங்களின் எடையைச் சரியாக அளக்க முடியாது.

வரி பற்றிய பகுதிக்கே படிக்கும் நேரத்தில் பெரும்பங்கை ஒதுக்குங்கள். பத்து மதிப்பெண் வினா பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. குடியேற்றங்களைக் காக்கும் படையின் செலவில் ஒரு பகுதியை அவையே ஏற்கட்டும் என்ற எண்ணத்தில் 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரப் பதிவு அலுவலக வாசலில் முத்திரைத்தாள் வாங்கி நின்ற எவருக்கும் இச்சட்டத்தின் செயல்முறையை விளக்க வேண்டியதில்லை: நிலப் பத்திரம், உரிமம், நீதிமன்ற ஆவணம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை முத்திரை பதித்த தாள் வேண்டும், அதற்குக் காசு கட்ட வேண்டும். அதிகம் அடிபட்டவர்கள் வழக்கறிஞர்களும் அச்சகத்தாரும். ஊரில் எழுதவும் பேசவும் வல்லவர்களையே பகைத்துக்கொண்ட சட்டம் ஓராண்டுக்குள் திரும்பப் பெறப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அதே 1766இல், எல்லா விவகாரங்களிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் அறிவித்துக்கொண்டது. பலரும் தவறவிடும் இந்த அறிவிப்புச் சட்டத்தைத் தவறவிடாதீர்கள். பூசல் பணத்தைப் பற்றியதா, உரிமையைப் பற்றியதா என்பதற்கு அதில் விடை இருக்கிறது.

தேயிலைச் சட்டத்தில் நன்றாகப் படிப்பவர்களும் வழுக்குகிறார்கள். 1773இல் தேயிலை வரி உயர்த்தப்பட்டது என்று விடைத்தாளில் எழுதுவது தவறு. இறக்குமதிப் பொருள்கள் சிலவற்றுக்கு வரி போட்ட 1767 டவுன்ஷெண்ட் சட்டங்கள் விதித்த, இராத்தலுக்கு மூன்று பென்னி என்ற பழைய வரிதான் நீடித்தது. கடனில் சிக்கி, கிடங்கு நிறைய விற்காத தேயிலையோடு நின்ற கிழக்கிந்தியக் கும்பினி, நேரடியாக அமெரிக்காவில் விற்றுக்கொள்ள இச்சட்டம் வழிசெய்ததால், தேயிலை விலை உண்மையில் குறையவிருந்தது. கும்பினியின் நெருக்கடிக்குப் பின்னால் 1770 வங்காளப் பஞ்சமும் ஐதர் அலியுடன் நடந்த போரின் செலவும் இருந்தன. விலை குறைந்த தேயிலையை வாங்கினால் வரியையும் ஒப்புக்கொண்டதாகும் என்று கருதியே, 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். அது இந்தியத் தேயிலை அன்று, கும்பினி சீனாவில் வாங்கிய தேயிலை.

பாடநூலோடு நிறுத்திக்கொள்ளாமல் 1776 சுதந்திரப் பிரகடனத்தை முழுதாக ஒரு முறை படியுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அது கிடைக்கிறது. நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். தொடக்க வரிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நீங்கள் நடுவே வரும் 27 குற்றச்சாட்டுகளில் தங்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது சுட்டும் சட்டத்தை எழுதிப் பாருங்கள். ஒப்புதலின்றி வரி விதித்தது என்றால் முத்திரைச் சட்டம் முதலானவை. சாசனத்தைப் பறித்தது என்றால் 1774இல் மாசசூசெட்ஸ் மீது வந்த சட்டம். குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் மன்னரை நோக்கியே உள்ளன. நாடாளுமன்றத்துக்குத் தங்கள்மேல் அதிகாரமே இல்லை என்று சொல்லிவந்தவர்கள் அதனோடு உறவை முறிக்க வேண்டியதில்லை அல்லவா? ஜெபர்சனின் வரைவில் அடிமை வணிகத்தைச் சாடிய பத்தி நீக்கப்பட்டதையும், கடைசிக் குற்றச்சாட்டு பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று தூற்றுவதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

போர்க்களங்களை விரைவாகக் கடக்கலாம். 1777 சாரட்டோகா வெற்றியால் 1778இல் பிரான்சுடன் கூட்டணி கிடைத்ததும், 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்ததும், 1783 பாரிஸ் உடன்படிக்கையும் போதும். அரசியலமைப்பைப் படிக்கும்போது மட்டும் நம் அரசியலமைப்பை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், சிக்கிமுக்கு ஒன்று. அமெரிக்க செனட்டிலோ பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் இரண்டிரண்டே. 1787இல் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் சிறிய மாநிலங்கள் பிடிவாதமாக நின்று பெற்றது அது. கீழவை இடங்களைப் பங்கிடும் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டதும், அடிமை இறக்குமதியை 1808 வரை தடை செய்ய முடியாதபடி கட்டிப்போட்டதும் அதே மாநாடுதான்.

விடை எழுதும்போது, புரட்சிக்கான காரணங்கள் என்ற வினாவுக்குப் பத்துத் தலைப்புகளை அடுக்குவதைவிட, வாதத்தை முதல் வாக்கியத்திலேயே வைப்பது மேல். எடுத்துக்காட்டாக: ‘போர்க்கடனைக் குடியேற்றங்களின் தலையில் ஏற்ற நாடாளுமன்றம் முயன்றதும், அந்த உரிமை தங்கள் சட்டமன்றங்களுக்கே உண்டு என்று குடியேறிகள் மறுத்ததும் புரட்சிக்கு அடிப்படையாயின.’ அதன்பின் வரும் ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆண்டையும் ஒரு சட்டத்தையும் எடுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை மெய்ப்பிக்க வேண்டும்.

அக மதிப்பீட்டுக்கான கட்டுரைக்குத் தலைப்பு தேடுபவர்கள் காரன்வாலிஸை எடுத்துக்கொள்ளலாம். யார்க்டவுனில் தோற்ற அவரே 1786இல் தலைமை ஆளுநராக இந்தியா வந்து, மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவை வென்று, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பெற்ற பகுதிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. பிரெஞ்சுக் கூட்டணியின் விளைவாக 1778இல் புதுச்சேரி பிரிட்டிஷார் கைக்குப் போனதையும், 1783இல் கடலூர் முற்றுகை சமாதானச் செய்தி வந்ததும் கைவிடப்பட்டதையும் இதனோடு சேர்த்தால் கட்டுரைக்குப் போதிய பொருள் கிடைக்கும். வாழ்க்கைக் குறிப்பாக எழுதிவிடாமல், அமெரிக்காவில் இழந்த பேரரசு இங்கே எந்த நிலத்தை, எந்த வரிக்காகப் பிடித்தது என்று கேட்டு எழுதுங்கள்.