யுரேனியக் கனிமம் சேர்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகக் கனிமம் சேர்க்க ஆரம்பித்த ஒரு தம்பி தன் முதல் ஆட்டுனைட் என்ற யுரேனியக் கனிமத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கண்ணாடி அலமாரி, உள்ளே ஹாலோஜன் விளக்கு, எலுமிச்சை மஞ்சளில் விசிறி விசிறியாகத் தகடுகள். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் நானும் என்னுடையதை அப்படித்தான் வைத்திருந்தேன். கை கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி, அதை விட்டுவிடுகிறேன்.

ஆட்டுனைட்டைக் காயவிடுவது

இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. ஆட்டுனைட் என்பது கால்சியமும் யுரேனியமும் சேர்ந்த பாஸ்பேட். அதன் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கிறது, வாய்பாட்டிலேயே 10 முதல் 12 நீர் மூலக்கூறு வரை. சூடோ வறண்ட காற்றோ பட்டால் அந்தத் தண்ணீர் வெளியேறி, மெட்டா-ஆட்டுனைட்டாக மாறி, பளபளப்பு போய், பொரித்த அப்பளம் போல நொறுங்க ஆரம்பிக்கும். என்னுடையது வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் மலையின் டேபிரேக் சுரங்கத்துக் கல், பல மாதச் சேமிப்பில் வாங்கியது. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க வீட்டில் ஹீட்டர் ஓடியது, அலமாரியில் விளக்கும் எரிந்தது, ஒருநாள் பார்த்தால் தட்டில் மஞ்சள் செதில்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், உதிர்ந்தது உதிர்ந்ததுதான். அதைவிட மோசம், செதில்களைக் காய்ந்த தூரிகையால் கூட்டினேன். யுரேனியம் விடும் ஆல்பா கதிர் தோலைத் தாண்டாது, ஆனால் அதே பொருள் தூசியாக நுரையீரலுக்குள் போனால் உள்ளேயே இருந்து தாக்கும். ஈரத் தாளால் ஒற்றியெடுத்து, பையில் போட்டு மூடியிருக்க வேண்டும்.

இப்போது நான் ஆட்டுனைட்டைக் காற்றுப்புகாத சிறிய டப்பாவில், விளக்கில்லாத குளிர்ந்த மூலையில் வைக்கிறேன். சில அருங்காட்சியகங்கள் லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சைப் பூசியிருக்கின்றன. அது தகட்டின் மினுமினுப்பையே மாற்றிவிடும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை. டார்பர்னைட் என்ற இன்னொரு யுரேனியக் கனிமமும் இப்படித்தான் தண்ணீரை இழந்து மெட்டாடார்பர்னைட் ஆகும், அப்புறம் திரும்பாது.

ஒளிராவிட்டால் போலி என்று நினைப்பது

ஆட்டுனைட் புற ஊதா விளக்கில் பச்சையாகத் தகதகக்கும், அதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாமே அப்படி ஒளிர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். டார்பர்னைட்டில் இருப்பது செம்பு, செம்பு ஒளிர்வை அடக்கிவிடும். காங்கோவின் முசோனாய் சுரங்கத்திலிருந்து வரும் குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைட்டும் செம்புக் கனிமம்தான். மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயரைத் தாங்கிய அந்தப் புல்பச்சை ஊசிகளைப் பகல் வெளிச்சத்தில், லென்ஸ் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒளிரும் கல்லைவிட அதுதான் பிடிக்கும்.

தண்ணீரில் கழுவுவது

ஷ்ரோக்கிங்கரைட் என்ற யுரேனியக் கனிமம் கரைந்தே போகும்.

படுக்கையறையில் வைப்பது

வேண்டாம். பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவில் உள்ள ரேடியம் சிதைந்து ரேடான் வாயு வந்துகொண்டே இருக்கும், அதன் அரை ஆயுள் 3.8 நாள். பெரிய துண்டென்றால் ஆள் புழங்காத, காற்றோட்டமான இடம் பாருங்கள், டப்பாவைத் திறந்ததும் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு வாங்குவது

அணுசக்திச் சட்டத்தின் கீழ் யுரேனியம் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிமம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சீட்டைத் தூக்கிப் போடுவது

எந்தச் சுரங்கம் என்று எழுதிய அந்தத் துண்டுச் சீட்டைக் கல்லோடு ஒரே டப்பாவில் வையுங்கள். என் செதில்கள் இருக்கும் பையிலும் அது இருக்கிறது.