காருக்குள் படுக்கும்போது கண்ணாடி வேர்ப்பதை நிறுத்திய விதம்

நுவரெலியாப் பக்கம் தனியாகக் கார் ஓடிப்போய், ட்ரவுட் பிடித்து, காருக்குள்ளேயே படுத்து வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், வெள்ளைக்காரர் 1880களில் மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்டது. எங்கள் வன்னிக் குளங்களில் விராலும் திலாப்பியாவும்தான். சரி, முதலில் இங்கே இரணைமடுக் குளத்துப் பக்கம் படுத்துப் பழகுவோம் என்று தொடங்கினேன்.

மாசிப் பனிக்குக் கண்ணாடியை இறுக்கி மூடினால் விடியும்போது உள்ளே எல்லாம் ஈரம், போர்வைகூட. திறந்தால் நுளம்பு. மூச்சில் வருகிற ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத்தான் துளியாகிறது, ஆகவே காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகவேண்டும்.

பழைய நுளம்பு வலையை வெட்டி, பின்கதவின் மேற்பாதிக்கு உறைபோலத் தைத்து, இரண்டு பக்கமும் மாட்டி, கதவைச் சாத்தியபின் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினேன். ஈரத் துவாயையும் தூண்டில் பையையும் மூடியுள்ள வாளிக்குள் போட்டேன். அதற்குப்பிறகு கண்ணாடி கிட்டத்தட்டக் காய்ந்தே இருக்கிறது, மலைக்குளிரிலும் இதையேதான் செய்யப்போகிறேன், போர்வை மட்டும் தடிப்பாக.

குளிர் என்று கேஸ் அடுப்பை உள்ளே மூட்டவே வேண்டாம், நச்சுப்புகை உயிரை எடுக்கும். குளத்துத் தண்ணீர் ஓரமான அலைகரையிலும் படுக்காதீர்கள், இரவில் யானை தண்ணீருக்கு வரும். நான் சனம் இருக்கிற வளவில் கேட்டுத்தான் காரை விடுவேன்.